மேலே சுண்ணாம்புக்கல், அடியில் மணற்கல்: வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றில் உள்ள செயின்ட் அந்தோணி அருவியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அருவியின் கிழக்குக் கரையில் செயின்ட் அந்தோணி என்றே ஒரு சிற்றூர் இருந்தது. 1872-இல் அது எதிர்க்கரையில் இருந்த மினியாபொலிஸுடன் இணைந்துவிட்டது. குறிப்பைப் படித்தவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நீங்கள் வெளியிட்ட படத்தில் அருவி முழுக்க கான்கிரீட் சரிவாகத்தான் தெரிகிறது. இதை எப்படிச் சுண்ணாம்புக்கல் அருவி என்கிறீர்கள்?
— கல்லூரி மாணவி, விருதுநகர்

நீங்கள் பார்த்தது மேல்மூடிதான். 1950-களில் போட்ட கான்கிரீட் அது. அதற்கு முன் அதே இடத்தில் மரத்தாலான சரிவுத் தளம் இருந்தது. அதற்கும் முன்னால் வெறும் பாறை.

அந்தப் பாறை மூன்று அடுக்காக இருக்கிறது. மேலே இருப்பது பிளாட்வில் சுண்ணாம்புக்கல். இந்த வட்டாரத்தில் முழுக் கனத்தோடு இருக்கும் இடங்களில் சுமார் 30 அடி இருக்கும். ஆர்டோவீசியன் காலத்தில், ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலில் படிந்தது. அதற்குக் கீழே சில அடி கனத்தில் கிளென்வுட் என்ற பச்சை நிறக் களிப்பாறை. அதற்கும் கீழே செயின்ட் பீட்டர் மணற்கல், சுமார் 150 அடி.

இந்த அருவியின் வரலாறு முழுவதும் மூன்றாவது அடுக்கில்தான் இருக்கிறது. செயின்ட் பீட்டர் மணற்கல் ஏறக்குறைய சுத்தமான குவார்ட்ஸ் மணல். குவார்ட்ஸ் மணி கடினமானதுதான், ஆனால் மணியை மணியோடு ஒட்டும் பசை இந்தக் கல்லில் மிகக் குறைவு. அச்சு வெல்லத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் உதிர்வதைப்போல உதிர்ந்துவிடும். காய்ந்திருக்கும்போது செங்குத்துச் சுவராக நிற்கும். ஆனால் தண்ணீர் அழுத்தத்தோடு ஊடுருவினால் மணலாகவே ஓடிவிடும். இந்த இரட்டைக் குணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

கேள்வி: அருவி 13 கிலோமீட்டர் பின்வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். கல் கரைந்தா அவ்வளவு தூரம் போயிற்று?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

கரைந்து அல்ல, உடைந்து. கொட்டும் தண்ணீர் அடியில் மோதிச் சுழன்று மணற்கல்லை அரித்து எடுக்கிறது. சாரலும், சுண்ணாம்புக்கல்லின் செங்குத்து வெடிப்புகள் வழியே இறங்கும் கசிவும் நடுவில் இருக்கும் களிப்பாறையைப் பெயர்க்கின்றன. அடி குடைந்துபோக, மேலே சுண்ணாம்புக்கல் ஒரு தாழ்வாரமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. தன் எடையைத் தாங்க முடியாத நீளம் வந்ததும், ஏற்கெனவே இருக்கும் வெடிப்பின் வழியே ஒரு பாளம் முறிந்து விழுகிறது. அருவியின் விளிம்பு ஒரே நாளில் பல அடி பின்னால் போய்விடும். பிறகு கொஞ்ச காலம் அமைதி, மறுபடி குடைச்சல். குளிர்காலத்தில் வெடிப்புக்குள் புகுந்த நீர் உறைந்து விரிந்து வேலையை இன்னும் துரிதமாக்குகிறது.

பனி யுகம் முடிகிற தறுவாயில், சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய செயின்ட் பால் நகரப் பகுதியில் ஒரு பேரருவி இருந்தது. உருகிய பனியால் நிரம்பிய அகாசி என்ற பெரிய ஏரியின் உபரி நீரைக் கொண்டுவந்த ஆற்றின் அருவி அது. அந்த அருவி சுமார் 175 அடி உயரமும் அரை மைல் அகலமும் கொண்டது என்று மதிப்பிடுகிறார்கள். பின்வாங்கிப் பின்வாங்கி, மினசோட்டா ஆறும் மிசிசிப்பியும் கூடும் இடத்துக்கு வந்ததும் அது இரண்டாகப் பிரிந்தது. மினசோட்டா ஆற்றுப் பக்கம் போன கிளை, சுண்ணாம்புக்கல் இல்லாத பழைய பள்ளத்தாக்கை எட்டியதும் அருவியாகவே இல்லாமல் போயிற்று. மிசிசிப்பிப் பக்கம் வந்த கிளைதான் செயின்ட் அந்தோணி. கூடுமிடத்திலிருந்து அருவி இருக்கும் இடம் வரை சுமார் 13 கிலோமீட்டர். ஆண்டுக்கு சராசரி 4 அடி என்று வைத்துக் கணக்குப் போட்டால் 10,000 ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

இந்தக் கணக்கை முதலில் முறையாகப் போட்டவர் மினசோட்டாவின் மாநில நிலவியலாளராக இருந்த நியூட்டன் ஹொரேஸ் வின்செல். 1680-லிருந்து வந்த பயணிகளின் வருணனைகளைக் கொண்டு அந்தந்தக் காலத்தில் விளிம்பு எங்கே இருந்தது என்று கணித்து, பனி விலகி ஏறக்குறைய 8,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றார். பழம்பொருள்களின் வயதைக் கணிக்கும் கதிரியக்கக் கார்பன் முறை வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால் ஒரு அருவியை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு அருகில் வந்தது பெரிய சாதனை என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஒரு புத்தகத்தில் உயரம் 50 அடி, இன்னொன்றில் 16 அடி என்று இருக்கிறது. எது சரி?
— வாசகர், ஈரோடு

இரண்டும் சரியாக இருக்கலாம். எந்த ஆண்டு, எங்கிருந்து எதுவரை அளந்தது என்பதைப் பாருங்கள். 1680-இல் இங்கே வந்த லூயி ஹெனபின் பாதிரியார் 40 அல்லது 50 அடி என்று எழுதினார். அது கண்மதிப்பு. (அருவிக்கு அந்தோணியார் பெயரை வைத்தவரும் அவர்தான். உவரியிலும் புளியம்பட்டியிலும் நம் மக்கள் வணங்கும் அதே பதுவை அந்தோணியார். டகோட்டா மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே அருவியை ஓவாம்னியோம்னி என்று அழைத்துவந்தார்கள்.) 1805-இல் வந்த அமெரிக்க ராணுவ அதிகாரி செபுலன் பைக் அளந்து 16½ அடி என்றார். அது செங்குத்தாக விழும் பகுதி மட்டும். அதற்கு மேலும் கீழும் இருந்த பாறைச் சரிவோட்டம் அதில் சேராது. இப்போது சொல்லப்படும் 49 அடி, அணையால் உயர்த்தப்பட்ட மேல் நீர்மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். படகுகளை ஏற்றி இறக்க 1963-இல் திறந்த மதகும் அந்த உயரத்துக்கே கட்டப்பட்டது. கெண்டை இனத்து அயல் மீன்கள் மேலே ஏறிவிடக்கூடாது என்பதற்காக 2015-இல் மதகை மூடிவிட்டார்கள்.

கேள்வி: 1869-இல் சுரங்கம் தோண்டியதால் அருவியே அழியப்பார்த்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உண்மையில் எங்கே தவறு நடந்தது? அவர்களிடம் பொறியாளர்கள் இல்லையா?
— கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூர்

அங்கே சுரங்கம் தோண்டுவது புதுமையே அல்ல. அருவியைக் கொண்டு மில் ஓட்டிய முறையைப் பார்த்தால் இது புரியும். ஆற்று நீரைச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கால்வாய் வெட்டிக் கரையோரமாக மில்லுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சுண்ணாம்புக்கல்லைத் துளைத்துக் கிணறுபோல ஒரு குழி. தண்ணீர் அதில் விழுந்து அடியிலிருக்கும் டர்பைனைச் சுழற்றும். வேலை முடிந்த தண்ணீர், மணற்கல்லில் குடைந்த கழிவுநீர்ச் சுரங்கம் வழியே அருவிக்குக் கீழே ஆற்றில் போய்ச் சேரும். மேலே கூரைபோலக் கெட்டியான சுண்ணாம்புக்கல், கீழே கடப்பாறைக்கு எளிதாக இடம் கொடுக்கும் மணற்கல். சுரங்கம் தோண்ட இதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது.

சிக்கல் நிக்கலெட் தீவில் தொடங்கியது. அந்தத் தீவு அருவிக்கு மேல்பக்கம், ஆற்றின் நடுவில் இருக்கிறது. வில்லியம் ஈஸ்ட்மன், ஜான் மெரியம் ஆகியோர் அதை வாங்கி, அங்கே மில் வைக்க விரும்பினார்கள். அருவிக்கு மேலே இருக்கும் நிலத்தில் நீர் விழ உயரம் கிடையாது. உயரம் வேண்டுமானால் டர்பைனிலிருந்து வெளியேறும் நீரை அருவிக்குக் கீழே வரை கொண்டுபோக வேண்டும். அதற்காக அருவியின் கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, அருவியை ஒட்டிய ஹெனபின் தீவுக்கு அடியில் நுழைந்து, ஆற்றுப் படுகைக்கும் அடியில் போய் நிக்கலெட் தீவை எட்டும்படி 2,500 அடி சுரங்கம் திட்டமிட்டார்கள். அளவு 6 அடிக்கு 6 அடி. 1868 செப்டம்பரில் வேலை தொடங்கியது.

மற்ற மில்களின் சுரங்கங்கள் குட்டையானவை, கரைக்கு அடியில் இருந்தவை. இதுவோ ஓடும் ஆற்றின் கீழே, அருவியைக் குறுக்கே கடந்து மேல்பக்கம் போயிற்று. சுரங்கத்துக்கு மேலே முழு ஆறும் நிற்கிறது, சுரங்கத்துக்குள்ளே வெறும் காற்று. இடையில் இருப்பது, மேல்பக்கம் போகப்போக மெலிந்துகொண்டே வரும் வெடிப்பு விழுந்த சுண்ணாம்புக்கல்லும், பசையில்லாத மணற்கல்லும்தான். கசிவு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. கசியும் நீர் முதலில் சில மணிகளை எடுத்துக்கொண்டு வெளியேறும். அந்த இடம் குழாயாகும். குழாய் அகல அகல ஓட்டம் கூடும், கூடிய ஓட்டம் இன்னும் அதிக மணலை இழுக்கும். மண் அணைகள் உடைவதும் பெரும்பாலும் இதே வழியில்தான். உங்கள் துறையில் இதை நன்றாக அறிந்திருப்பீர்கள்.

1869 அக்டோபர் 4-ஆம் தேதி, சுரங்கம் சுமார் 2,000 அடி வந்திருந்த நிலையில், உள்ளே தண்ணீர் கசிவதைத் தொழிலாளர்கள் கண்டார்கள். மறுநாள் காலை ஆறு உள்ளே புகுந்தது. நிக்கலெட் தீவின் முனையருகே ஆற்றில் பெரிய சுழல் தோன்றியது. 6 அடிச் சுரங்கம் சில இடங்களில் 90 அடி அகலக் குகையாக அரிக்கப்பட்டது. ஹெனபின் தீவின் ஒரு பகுதி அப்படியே உள்ளே இறங்கியது. இரு கரை ஊர்களிலிருந்தும் மக்கள் ஓடிவந்து மரம், கல், மண் என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுழலில் கொட்டினார்கள். எல்லாவற்றையும் ஆறு விழுங்கியது. பிறகு பெருமரங்களைப் பிணைத்துத் தெப்பம் செய்து, கல்லேற்றித் துளைக்கு மேல் மூழ்கடித்தார்கள். அது நின்றது. ஆனால் சிறிது நேரத்தில் பக்கத்தில் வேறொரு வாய் திறந்துகொண்டது.

ஆக, அவர்கள் கணக்கில் விட்டது கல்லின் கனத்தை அல்ல, நீரழுத்தத்தை. சுண்ணாம்புக்கல் கூரை விழாமல் நின்றால் போதும் என்று எண்ணினார்கள். மணலைத் தண்ணீர் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும் என்பதை யோசிக்கவில்லை.

கேள்வி: துளையைக் கான்கிரீட் போட்டு அடைத்தால் போதாதா? ஆறு முழுக்கக் குறுக்கே எதற்குச் சுவர்?
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

அடைப்பைச் சுற்றி மணல் இருக்கும்வரை தண்ணீர் சுற்றிக்கொண்டு வரும். 1869-க்குப் பின் சில ஆண்டுகள் தடுப்பு போடுவதும் அது அடித்துச் செல்லப்படுவதுமாகவே கழிந்தன. கடைசியில் அமெரிக்க ராணுவப் பொறியியல் பிரிவு பொறுப்பெடுத்து, 1874-இல் தொடங்கி 1876-இல், சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில், மணற்கல்லைக் குறுக்கே வெட்டி ஒரு கான்கிரீட் சுவரை எழுப்பி முடித்தது. ஆழம் 40 அடி, நீளம் 1,850 அடி. மேலிருந்து கீழே கட்டிய சுவர் என்று சொல்லலாம்: கூரையாக இருக்கும் சுண்ணாம்புக்கல்லின் அடிப்பக்கத்தோடு இறுக ஒட்டி, அங்கிருந்து கீழே இறங்குகிறது. மேல்பக்கத்திலிருந்து மணற்கல் வழியாக வரும் கசிவு இந்தச் சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அடியில் சுற்றிவர வேண்டுமென்றால் வழி மிக நீளம். அழுத்தம் அதிலேயே தேய்ந்துபோகும், மணலை இழுக்கும் வேகம் இருக்காது.

கூடவே இரண்டு வேலைகள் செய்தார்கள். ஒன்று, விளிம்பிலிருந்து கீழே வரை மரச்சரிவுத் தளம். தண்ணீர் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் அடியில் குடைச்சல் இல்லை. மர மில்களுக்கு மிதந்து வரும் கட்டைகள் வெள்ளத்தில் விளிம்பை இடித்துப் பெயர்ப்பதும் நின்றது. மற்றது பலர் கவனிக்காதது: சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் தாழ்வான தடுப்பணைகள் கட்டி, எப்போதும் அதன்மேல் நீர் நிற்கும்படி செய்தார்கள். மில்காரர்கள் நீரை இரு கரைக்கும் திருப்பியதால் நடு ஆற்றில் பாறை வெளியே தெரிந்து, குளிரில் வெடித்துக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் நின்றால் பாறைக்குள் உறைபனி இறங்காது.

இதற்கெல்லாம் மத்திய அரசு 6,15,000 டாலரும், இரு ஊர்களும் சேர்ந்து 3,34,500 டாலரும் செலவிட்டன. அவசரம் எதனால் என்றால், சுண்ணாம்புக்கல் அருவியின் விளிம்பிலிருந்து மேல்நோக்கிச் சுமார் 1,200 அடியில் முடிந்துவிடுகிறது. அதுவரை விளிம்பு பின்வாங்கிவிட்டால், மேலே கூரை இல்லை. அருவி வெறும் பாறைச் சரிவோட்டமாகிவிடும். ஆண்டுக்கு 4 அடி என்ற இயல்பான வேகத்தில் 300 ஆண்டு ஆகும். ஆனால் மரக்கட்டைகளும் சுரங்கமும் சேர்ந்து அதைச் சில ஆண்டுகளில் முடித்திருக்கும். காப்பாற்றிய பிறகு அதே அருவியின் சக்தியில் மினியாபொலிஸ் 1880 முதல் 1930 வரை மாவு அரைப்பில் அமெரிக்காவின் முதலிடத்தில் இருந்தது.

கேள்வி: சுண்ணாம்புக்கல் அருவிகள் வளரும் என்று கேள்விப்பட்டேன். இது ஏன் வளரவில்லை?
— வாசகி, யாழ்ப்பாணம்

அது வேறு வகை. போஸ்னியாவின் யாய்ட்சே ஊரில் பிளிவா ஆறு விர்பாஸ் ஆற்றில் விழும் அருவியும், குரோவேசியாவின் பிளிட்விட்சே அருவிகளும் அப்படிப்பட்டவை. அங்கே மலையிலிருக்கும் சுண்ணாம்பை நீர் கரைத்துக்கொண்டு வருகிறது. அருவியில் சிதறும்போது நீரிலிருந்து கரியமில வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு பாசியின் மேலும் கிளைகளின் மேலும் படிந்து கல்லாகிறது. அருவி தன் விளிம்பைத் தானே கட்டிக்கொண்டு முன்னே வருகிறது. மிசிசிப்பியில் அந்த அளவுக்குச் சுண்ணாம்பு படிவதில்லை. படிவதைவிட உடைவது பன்மடங்கு அதிகம்.

கேள்வி: குற்றாலமும் பின்வாங்குமா?
— பலர்

நம் ஆயுளிலோ நம் பேரப்பிள்ளைகள் ஆயுளிலோ கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. குற்றாலத்தின் பாறை மிகப் பழைய, கெட்டியான உருமாறிய பாறை. அடியில் உதிரும் அடுக்கு இல்லாததால் குடைச்சலும் இல்லை. நீர் பாறை முகத்தை ஒட்டியே இறங்குகிறது. அதன் வேலை எங்கே தெரிகிறதென்றால் பேரருவியின் இடையில் இருக்கும் பொங்குமாங்கடலில். கல்லும் மணலும் சுழன்று சுழன்று குடைந்த பள்ளம் அது.

கேள்வி: மகன் மினியாபொலிஸில் வேலை பார்க்கிறான். மே மாதம் போகிறோம். பாறை அடுக்குகளை நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?
— வாசகி, மதுரை

செயின்ட் அந்தோணியில் கான்கிரீட்டைத்தான் பார்ப்பீர்கள். வரலாற்றுக்கு அங்கே போங்கள். 1883-இல் கட்டிய ஸ்டோன் ஆர்ச் பாலத்தில் நடந்தால் அருவி நேர் எதிரே. மேற்குக் கரையில் மில் இடிபாடுகளையும் கழிவுநீர்ச் சுரங்க வாய்களையும் மில் ரூயின்ஸ் பூங்காவில் பார்க்கலாம். பக்கத்திலேயே மில் சிட்டி அருங்காட்சியகம்.

அடுக்குகளுக்கு மின்னஹாஹா அருவிக்குப் போங்கள். அதே நகரம், நகர ரயிலின் புளூ லைனில் போனால் பூங்கா அருகிலேயே நிறுத்தம். செயின்ட் அந்தோணி பின்வாங்கிப் போன வழியில், ஒரு சிற்றோடையின் வாயைக் கடந்தபோது அந்த ஓடைக்குக் கிடைத்த அருவி இது. உயரம் 53 அடி, மேலே கான்கிரீட் தளம் இல்லை. மே மாதம் நீர் நன்றாக இருக்கும். ஆகஸ்டுக்கு மேல் மழை தவறிய ஆண்டுகளில் நூலாகிவிடும். எதிர்ப் பக்கத்துப் படியில் நின்று பாருங்கள். மேலே சாம்பல் நிறத்தில் செங்கல் அடுக்கியதுபோன்ற பட்டைகள் சுண்ணாம்புக்கல். அதன் அடியில் உள்வாங்கிய, ஈரம் கசியும் ஒரு கோடு களிப்பாறை. அதற்குக் கீழே வெளிர் மஞ்சளில் வட்டமாகக் குடைந்திருப்பது மணற்கல். அருவியின் அடியில் கிடக்கும் பெரிய பாளங்கள் விளிம்பிலிருந்து விழுந்தவை. அவற்றின் ஓரங்களில் சிப்பி, கடல் அல்லித் தண்டு போன்ற புதைபடிவங்கள் தெரியும். பார்க்கலாம், எடுக்கக்கூடாது. வேலி தாண்டி அருவிக்குப் பின்னால் போக வேண்டாம். அந்தத் தாழ்வாரத்திலிருந்து கல் எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் ஊர் ஓடைப் பாறை சுண்ணாம்புக்கல்லா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?
— எட்டாம் வகுப்பு மாணவர், அரியலூர்

முடியும். கையளவு கல் ஒன்றைப் பெரியவர் ஒருவரைக் கொண்டு உடைத்து, புது முகத்தை எடுத்துக்கொள். பழைய முகத்தில் சிமெண்டுத் தூசியோ சுண்ணாம்புப் படிவோ இருந்தால் எந்தக் கல்லும் நுரைத்து ஏமாற்றிவிடும். முதலில் இரும்பு ஆணியால் கீறு. ஆழமாகக் கீறல் விழுந்தால் சுண்ணாம்புக்கல்லாக இருக்க வாய்ப்புண்டு. ஆணியின் இரும்பு கல்லில் தேய்ந்து கோடாகப் படிந்தால் அது குவார்ட்ஸ் போன்ற கெட்டிக் கல். பிறகு சமையல் வினிகர் நாலைந்து சொட்டு விடு. வினிகர் மிக மென்மையான அமிலம், உடனே பொங்காது. ஒரு நிமிடம் பொறுத்து, பூதக்கண்ணாடியில் குமிழிகளைப் பார். குமிழி இல்லையென்றால் கீறி எடுத்த தூளின் மேல் விடு. தூளில் மட்டும் மெதுவாகக் குமிழி வந்தால் டோலமைட் (மக்னீசியம் சேர்ந்த சுண்ணாம்புக் கனிமம்) கலந்த கல். பிளாட்வில் கல்லிலும் அப்படிப்பட்ட பட்டைகள் உண்டு. நிலவியலாளர்கள் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுத்துவார்கள். அது பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை அதற்குப் பதிலாக எடுக்காதே. அது மிகவும் வீரியமானது, கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம்.